புத்தகத்தில் ஒரே பெயர்

அலவத்துகொடயில் ஹபீலின் வீட்டுக்குப் பின்னாலுள்ள கராஜின் இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறப்பது சனிக்கிழமைகளில் மட்டும்தான். 2025 பெப்ரவரி 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஒன்பதரைக்கே அவை திறந்து கிடந்ததைக் கண்ட பக்கத்து வீட்டு ரபீகா, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டாள். ஹபீலின் மனைவி றம்லத் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பதில் சொன்னாள்.

"காருக்கு மாப்பிள பாக்க வந்தீக்கிறாங்க."

வந்தவர் அம்ஜத். அக்குறணைக்காரர். பழைய வாகனங்களை மதிப்பிட்டு, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது அவர் தொழில். கொழும்பிலுள்ள ஓர் இருதய வைத்தியர் அவரை அனுப்பியிருந்தார்.

கார் ஒரு 'ஹெஸ்லோப்'. இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறை 1959 தொடக்கம் 1962 வரை தொண்ணூற்று நான்கு கார்களை மட்டும் செய்துவிட்டு மூடிப்போனது. அவற்றுள் ஐம்பத்தேழாவது இது. இலங்கைக்கு வந்தது இது ஒன்றுதான். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கன்வஸ் துணி. உடல் ஃபைபர் கிளாஸ். எஞ்சின் ஃபோர்ட் அங்லியாவுடையது, பின் அச்சு மொரிஸ் மைனருடையது. அந்தப் பட்டறைக்காரர்கள் அங்குமிங்கும் கிடைத்ததை வாங்கிப் பூட்டியதனால்தான், மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஹபீலால் அதை நாற்பத்தொரு வருடம் ஓட்ட முடிந்தது. ஃபைபர் கிளாஸ் வெடித்த இடங்களை அவரே பிசின் ஊற்றி, நார் ஒட்டி, தேய்த்துப் பூசினார். மழையில் ஒருநாளும் எடுத்ததில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு இறங்கி, குளத்தை ஒரு தடவை சுற்றி, ஒன்பதுக்கு முன் திரும்பி வருவார். பக்கத்து இருக்கையில் ஸ்பானர்களும் சுத்தியலும் போட்ட ஆயுதப் பெட்டி இருக்கும். றம்லத் அந்த இருக்கையில் உட்கார்ந்தது மொத்தம் மூன்று தடவை. மூன்றாவது தடவை, 1985இல், மகள் ஜஹானாவைப் பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது.

அம்ஜத் இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தார். விரல் முட்டியால் உடலெங்கும் தட்டிச் சத்தம் கேட்டார். பாயை விரித்துக் காருக்கடியில் படுத்து, சேசிஸ் குழாயில் அடித்திருந்த இலக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் மூன்று தடவை வாசித்தார். எஞ்சின் இலக்கத்தையும் வாசித்தார். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். ஹபீல் அதை அலுமாரியிலிருந்து பிஸ்கட் தகரத்தோடு எடுத்து வந்தார்.

முதற்பதிவு 1960 நவம்பர் 18. உரிமையாளர் சேதுராமன், புடவை வியாபாரி, கண்டி. அதற்குக் கீழே மற்ற உரிமையாளர்களுக்கென்று விட்ட கோடுகளெல்லாம் வெறுமையாக இருந்தன. அறுபத்துநான்கு வருடப் பழைய காரின் புத்தகத்தில் ஒரே பெயர். அம்ஜத் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து ஹபீலிடம் சொன்னார்.

"நானா, கார் நூத்தம்பது லட்சம். இந்தப் புத்தகம் முப்பத்தஞ்சு லட்சம்."

ஹபீல் திரும்பி றம்லத்தைப் பார்த்தார். அவளை அப்படி ஒரு தடவை பார்ப்பதற்காக அவர் நாற்பத்தொரு வருடம் காத்திருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு வாகனத்தை வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாற்றாமல் விடுவது ஊர்ப் பழக்கம். விற்பவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையொப்பம் மட்டும் வைப்பார்; திகதியையும் விலையையும் வாங்குபவரின் பெயரையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பார். இதற்கு ஓபன் பேப்பர் என்று பெயர். பெயர் மாற்றும் கட்டணம் மிச்சம். அதைவிடப் பெரிய இலாபம், அடுத்த தடவை விற்கும்போது புத்தகத்தில் ஒரு பெயர் குறைவு. விளம்பரங்களில் 'முதல் உரிமையாளர்' என்று போட்டால் விலை ஏறும். உதிரிப்பாகக் கடைக்காரரான ஹபீலுக்கு இது தெரியாதா? ஒரு பெயர் கூடினால் ஒரு பங்கு விலை இறங்கும் என்று அவர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். தன் பெயரை அந்தப் புத்தகத்தில் ஏற்றாமல் வைத்திருப்பதைத் தன் வாழ்க்கையிலேயே தான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று நம்பினார். வருடாந்த வரிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் எல்லாம் சேதுராமன் பெயரிலேயே வந்துகொண்டிருந்தன.

அம்ஜத் ஓபன் பேப்பரை மடிப்புப் பிரித்துப் பார்த்தார். கையொப்பமிட்டவர் இப்போது எங்கே என்று கேட்டார். திருச்சியில் 1996இல் இறந்துவிட்டதாகக் கேள்வி என்றார் ஹபீல். அம்ஜத் படிவத்தைத் திரும்ப மடித்துக் கொடுத்துவிட்டு, முதலில் வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

இந்த விற்பனையில் தொங்கிக்கொண்டிருந்தது ஜஹானாவின் வீடு. 2009இல் அவள் கலியாணத்தின்போது, காரை விற்று உனக்கு வீடு வாங்கித் தருவேன் என்று ஹபீல் எல்லோர் முன்னாலும் சொன்னார். பதினாறு வருடமாக அவளும் கணவனும் இரண்டு பிள்ளைகளும் கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். கணவனுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டம். அவளுக்கு ஒரு பல்வைத்தியரிடம் நோயாளிகளுக்கு இலக்கத் துண்டு எழுதிக் கொடுக்கும் வேலை. விலை ஏறட்டும், வாகன இறக்குமதியை நிறுத்தியிருக்கிறார்கள், இன்னும் ஏறும் என்று தகப்பன் தள்ளிக்கொண்டே போனார். 2022இல் கடையை மூடினார். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியது. அதே மாதம் அனெக்ஸ்காரர், மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், மே மாத முடிவுக்குள் விட்டுத்தர வேண்டும் என்று ஜஹானாவிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் காரை ஏன் மகளுக்கென்று சொல்ல வேண்டும்? அது றம்லத்தின் நகையில் வாங்கிய கார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1983 ஓகஸ்டில் பத்தொன்பது பவுண் நகையை விற்று நாற்பத்தையாயிரம் ரூபா எடுத்தார் ஹபீல். ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்து, ஊரை விட்டு ஓடுகிற மனுஷனுக்கு உதவி செய்யத்தான், நாற்பத்தையாயிரத்தையும் அப்படியே எண்ணிக் கொடுத்தேன் என்று சொன்னார். அந்த மனுஷன் அழுததாகவும் சொல்வார். அடுத்த ஜனவரியில் அவர் உதிரிப்பாகக் கடை திறந்தார். அது முழுக்கத் தன் வேர்வை என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதி. றம்லத் கடைப்பணத்தில் எதையாவது கேட்டால் பதில் ஒன்றுதான்: உங்கள் பங்கு பின்னால் கராஜில் நிற்கிறது, கடை என்னுடையது. 2004இல் ஜஹானா கணக்கியல் படிக்கப் பணம் கட்டக் கேட்டபோதும் அந்தப் பதில்தான் கிடைத்தது.

உண்மையில் அவர் சேதுராமனுக்குக் கொடுத்தது ஒன்பதாயிரம். மிச்சம் முப்பத்தாறாயிரத்தில்தான் கடை எழும்பியது.

கலவரம் நடந்தபோது கார் பிரேக் வேலைக்காக அலவத்துகொடயில் ஹபீல் வேலை செய்த கராஜில் நின்றது. அதனால் தப்பியது. சேதுராமனையும் மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் ஹபீலின் வாப்பா தன் வீட்டில் ஒன்பது நாள் வைத்திருந்து சோறு போட்டார். அந்த வருடம் ஜூன் மாதம் காருக்கு அறுபதாயிரம் வரை கேட்டு வந்திருந்தார்கள். சேதுராமன் இருபத்தாறு வயது ஹபீலிடம் நாற்பதாயிரம் கேட்டார். ஊர் எரிகிற நேரத்தில் இந்தக் காரை யார் எடுப்பார்கள், நாளைக்கு இதையும் கொளுத்தினால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார் ஹபீல். ஓகஸ்ட் 11ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேர அசர் தொழுகைக்கு முன் பேரம் முடிந்தது. சேதுராமன் அழவில்லை. நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார், பேனாவைக் கேட்டார்.

பெப்ரவரி 17ஆம் திகதி ஹபீல் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரிலிருந்த பெண் மரியாதையாகக் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னாள். படிவத்தை வாசித்தாள். கையொப்பம் வைத்தவர் இறந்துவிட்டால் இது செல்லாது, அவருடைய வாரிசு மரணச் சான்றிதழோடு வந்து எழுதித் தர வேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினாள். நாற்பத்தொரு வருடமாகக் கார் தன்னிடம்தான் இருக்கிறது என்றார் ஹபீல். வைத்திருப்பதற்கு ஏதாவது கடதாசி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் வெறுமையான கோடுகளுள்ள புத்தகத்தைக் காட்டினார். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் உங்கள் பெயர் இல்லையே ஐயா என்றாள். அவள் பிழையாக எதையும் சொல்லவில்லை. அதனால்தான் ஹபீலுக்குக் கோபம் வந்தது.

சேதுராமனின் வாரிசைத் தேட இந்தியாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்தார். அம்ஜத் நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டார். ஒரே மகள், பெயர் பிரேமிளா. 1995இல் கண்டி மாநகர சபையில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் 2019இல் இறந்துவிட்டார். முப்பது வருடமாக மஹய்யாவயில் இருக்கிறாள்.

மஹய்யாவ, அவர் சனிக்கிழமைகளில் கண்டிக்கு இறங்கும் வழியில் இருக்கிறது.

மார்ச் 8ஆம் திகதி சனிக்கிழமை ஹபீல் அவளைப் பார்க்கப் போனார். நோன்பு மாதம் ஏழாம் நாள். காரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனார். கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் நொத்தாரிசு தட்டச்சு செய்து கொடுத்த சத்தியக் கடதாசி ஒன்றும் இருந்தன. கீழே அவள் கையொப்பம் வைத்தால் போதும்.

வீடு சிறியது. முன்னறையில் ஒரு மேசை, மேலே திருத்துவதற்கு அடுக்கிய கொப்பிகள். ஐம்பத்துநான்கு வயதுப் பெண், தலை பாதி நரைத்திருந்தது. அவர் யார் என்று சொல்வதற்கு முன்பே கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க, உக்காருங்க. நோன்பு தானே, தண்ணி கூடக் குடுக்க முடியாது. கார்ல வரலையா?"

அவர் பஸ்ஸில் வந்ததைச் சொன்னார். காரை அடிக்கடி பார்ப்பேன் என்றாள் அவள். சனிக்கிழமைகளில் பிரத்தியேக வகுப்புக்குப் போக ஏழேகாலுக்குப் பஸ் தரிப்பில் நிற்பாளாம். பின்பக்க மட்காட்டில் ஒரு கீறல் இருந்தது, அப்பா நுவரெலியா மலையேற்றப் போட்டியில் கல்லில் உரசிய இடம், அதை எந்த வருடம் பூசினீர்கள் என்று கேட்டாள். ஹபீல் நினைவுபடுத்திச் சொன்னார். அவள் தலையாட்டினாள், ஒரு பிள்ளை சரியான விடை சொன்னதுபோல.

அவர் தான் வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் தகப்பனுக்குத் தன் குடும்பம் செய்த உதவியை நினைவூட்டினார். கையொப்பத்துக்குப் பத்து லட்சம் தருவதாகச் சொன்னார். அவள் கடதாசியை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசிக்கத் தொடங்கினாள். அவர் பதினைந்து என்றார். அவள் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். அவர் இருபத்தைந்து என்றார். அதற்கு மேல் வீட்டில் பேசித்தான் சொல்ல முடியும் என்றார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து ஓரிடத்தில் வட்டம் போட்டாள். மூன்றாம் பந்தி. 'மேற்சொன்ன காரை என் தகப்பனார் ரூபா நாற்பத்தையாயிரத்துக்கு விற்றார்' என்ற இடம். வட்டத்துக்கு மேலே ஒன்பதாயிரம் என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினாள்.

"நூறு ரூவா நோட்டு தொண்ணூறு. அப்பா ரெண்டு தடவ சத்தமா எண்ணினாரு, நான் கூடவே எண்ணினேன். அதுல எழுநூறு எங்க கப்பல் டிக்கெட்டு. இத மாத்தி அடிச்சுக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

ஹபீல் அது வெறும் ஒரு எண்தானே என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதில் என்ன இருக்கிறது, யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்றார். யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் சரியான எண்ணையே போடலாமே என்றாள் அவள். அவர் முப்பது லட்சம் என்றார்.

"பணம் வேணாங்க. பணம் வாங்கினேன்னு வைங்க, நீங்க குடுத்து முடிச்சிட்டீங்கனு ஆயிடும். அது முடியவே வேணாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கொப்பிகளை நகர்த்தி, சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டாள். அவர் எழுந்தபோது வாசல்வரை கூட வந்தாள்.

"உங்க வாப்பா ஒம்பது நாள் சோறு போட்டாரு. நான் அத மறக்கல. கையெழுத்து அதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்த ஹபீல் நோன்பு திறக்கும்வரை கராஜுக்குள் இருந்தார். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்த பிறகு, அந்தப் பெண் பாதிப் பணம் கேட்கிறாள், பேராசைக்காரி, தகப்பனுக்குச் செய்ததெல்லாம் மறந்துவிட்டது என்றார். றம்லத் கேட்டுக்கொண்டிருந்தாள். நோன்பு பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் சொன்னோமே என்று அவருக்கு உறுத்தியது. ஆனால் நோன்பு திறந்த பிறகுதானே சொன்னோம் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் ஒன்றும் செய்யவில்லை. கொழும்பு வைத்தியர் ஏப்ரல் 30 வரை காத்திருப்பார், அதற்குப் பிறகு பணத்தை வேறு காருக்குக் கொடுத்துவிடுவார் என்று அம்ஜத் இரண்டு தடவை தொலைபேசியில் சொன்னார். ஹபீல் கராஜுக்குள் போய் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தையாயிரம் என்று இருந்தால் அவர் ஒரு மனுஷனைக் காப்பாற்றியவர். ஒன்பதாயிரம் என்று ஆனால் அந்தக் காரும் அவருடையதல்ல, கடையும் அவருடையதல்ல. இதை அவர் இந்தச் சொற்களில் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன திமிர் என்றுதான் நினைத்தார். அவள் மனம் மாறுவாள், அல்லது செத்துப்போவாள், அல்லது வைத்தியர் காலக்கெடுவை நீட்டுவார் என்று நினைத்தார்.

பெருநாள் மார்ச் 31ஆம் திகதி. ஏப்ரல் 5ஆம் திகதி ஜஹானா தகப்பனிடம் சொல்லாமல் பெருநாள் இனிப்பான வட்டிலப்பமும் எடுத்துக்கொண்டு மஹய்யாவவுக்குப் போனாள். அந்த டீச்சரிடம் கெஞ்சி, பாதிக்குக் குறைவாக வாங்கச் சொல்லலாம் என்பது அவள் எண்ணம். இது உம்மாவின் நகையில் வாங்கிய கார், பத்தொன்பது பவுண், நாற்பத்தையாயிரம், எங்களுக்கு வேறு வழியில்லை என்று சொல்லியிருக்கிறாள். பிரேமிளா, நான் பணமே கேட்கவில்லையே அம்மா என்றிருக்கிறாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து சிவப்பு வட்டம் போட்ட கடதாசியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஹபீல் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

பின்னேரம் நான்கு மணிக்கு ஜஹானா அலவத்துகொடைக்கு வந்தாள். றம்லத் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஹபீல் சாய்வு கதிரையில் இருந்தார். ஜஹானா கடதாசியை உம்மாவின் மடியில் வைத்து, மூன்றாம் பந்தியை வாசித்துக் காட்டினாள். றம்லத் சுளகைக் கீழே வைத்தாள்.

"மிச்சம் முப்பத்தாறாயிரம் எங்க பெய்த்து?"

றம்லத் தானே கணக்குப் போட்டாள். கடை திறந்தது எந்த மாதம் என்று கேட்டாள், ஜனவரி என்று தானே சொல்லிக்கொண்டாள்.

"கட ஒங்கட வேர்வ எண்டீங்க. மகள்ட படிப்புக்குக் கேட்டப்பவும் அதத்தானே சென்னீங்க."

"அந்தக் கடைலதானே ஒங்க எல்லாருக்கும் சோறு போட்டன்," என்றார் ஹபீல்.

"என்ட காசுலயா எனக்கு சோறு போட்டீங்க?"

அதற்குப் பிறகு றம்லத் அந்த விஷயத்தைப் பற்றி அவரோடு பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பேசவில்லை. ஜஹானா மட்டும் வெளியே போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "அந்த டீச்சர் காசு கேட்டாண்டு ஏன் வாப்பா சென்னீங்க?"

காரியம் பிறகு வேகமாக நடந்தது. ஓடியாடியவள் ஜஹானா. ஏப்ரல் 22ஆம் திகதி சமாதான நீதவான் ஒருவர் முன்னால் பிரேமிளா சத்தியக் கடதாசியில் கையொப்பமிட்டாள். ஒன்பதாயிரம் என்றே அதில் இருந்தது. புத்தகத்தில் இடையில் இன்னொரு பெயர் கூடாமல் இருக்க வேண்டும் என்பது வைத்தியரின் நிபந்தனை. அதனால் சேதுராமனின் வாரிசாக அவளே நேரே வைத்தியருக்கு எழுதிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. சட்டப்படி அவள்தான் விற்பவள். காசோலையை யார் பெயரில் எழுதுவது என்று வைத்தியரின் வழக்கறிஞர் கேட்டபோது, ஹபீல் தொண்டையைச் செருமினார். பிரேமிளா அவர் பக்கம் பார்க்கவில்லை. நகை யாருடையதோ அவர் பெயரில் எழுதுங்கள் என்றாள். றம்லத்தின் அடையாள அட்டைப் பிரதியை ஜஹானா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதை அவள் முன்கூட்டியே கொண்டுவந்திருந்தாள் என்பது ஹபீலின் மனதில் தைத்தது.

ஏப்ரல் 28ஆம் திகதி திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குக் காரை லொறியில் ஏற்றினார்கள். தான் ஓட்டிக்கொண்டு வந்து கொழும்பில் விடுகிறேன் என்று ஹபீல் சொல்லிப் பார்த்தார். கை மாறிய காருக்கு இன்னும் காப்புறுதி இல்லை என்று வைத்தியரின் ஆட்கள் மறுத்துவிட்டார்கள். அவர் ஆயுதப் பெட்டியை இருக்கையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ரபீகா, மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டாள். இந்தத் தடவை யாரும் பதில் சொல்லவில்லை.

ஜூன் மாதம் கட்டுகஸ்தோட்டைக்குக் கிட்ட ஜஹானாவின் பெயரில் வீடு வாங்கினார்கள். மூன்று அறை, முன்னால் வேன் நிறுத்த இடம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவென்று றம்லத் ஒரு கிழமைக்குப் போனாள். ஒரு கிழமை ஒரு மாதமாகி, பிறகு அவளுடைய தையல் மெஷினையும் வேனில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைகளில் மருமகன் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்து கொடுப்பான். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வெறுங் கேரியரை எடுத்துப் போவான்.

ஓகஸ்டில் ஒருநாள் அம்ஜத் ஏதோ பழைய உதிரிப்பாகம் தேடி வந்தார். இங்கிலாந்தில் ஹெஸ்லோப் கார்க்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது, தொண்ணூற்று நான்கு கார்களும் யார் யாரிடம் எந்தெந்த வருடங்களில் இருந்தன என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள், வைத்தியர் தன் காரையும் அதில் சேர்த்துவிட்டார் என்று சொல்லித் தொலைபேசியில் காட்டினார். இலக்கம் ஐம்பத்தேழு. 1960 முதல் 2025 வரை சேதுராமன், கண்டி. அதற்குப் பிறகு வைத்தியரின் பெயர். அருகே ஒரு குறிப்பு: புதிதாக இறங்கிய நாளிலிருந்து அறுபத்துநான்கு வருடம் ஒரே உரிமையாளரிடம் இருந்து, மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டது.

ஹபீல் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். 1983 ஓகஸ்ட் 11 முதல் 2025 ஏப்ரல் 28 வரை அந்தக் காரை வைத்திருந்தவர் தானென்றும், எஞ்சினை நான்கு தடவை இறக்கியது, உடலை இரண்டு தடவை பூசியது, முன்பக்கச் சேசிஸ் குழாயை மாற்றியது எல்லாம் தன் கையால் என்றும் எழுத வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வருடம் சொன்னார். அம்ஜத் பொறுமையாக எழுதி அனுப்பினார்.

ஒன்பது நாளில் பதில் வந்தது. நல்ல மரியாதையான பதில். இப்படி ஒருவர் இருந்திருக்கிறார் என்று அறிந்து மகிழ்ச்சி, பட்டியலைத் திருத்தக் காத்திருக்கிறோம், அவரிடம் கார் இருந்ததற்கு அவர் பெயருள்ள ஆவணம் ஏதாவது ஒன்றின் படத்தை அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

அம்ஜத் என்ன இருக்கிறது என்று கேட்டார். புத்தகத்தில் பெயர் இல்லை. வரிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் ஒன்றிலும் இல்லை. உதிரிப்பாகங்களைத் தன் கடையிலிருந்தே எடுத்ததால் பில் ஒன்றும் இல்லை. காரோடு நின்று எடுத்த படங்கள் இருந்தன. அவர்கள் கேட்டது ஆவணம்.

ஹபீல் எழுந்து உள்ளே போனார். அலுமாரியைத் திறந்து பிஸ்கட் தகரத்தை எடுத்தார். ஓபன் பேப்பர் இருந்த இடத்தில் இப்போது சத்தியக் கடதாசியின் பிரதி ஒன்று இருந்தது. சேதுராமனின் மகளின் கையொப்பத்துக்கு மேலே, மூன்றாம் பந்தியில், ஹபீலின் முழுப்பெயரும் அலவத்துகொட விலாசமும் திகதியும் சுத்தமாகத் தட்டச்சில் இருந்தன. அந்தக் காருக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்லும் ஒரே கடதாசி. அதே வரியில் விலையும் இருந்தது.

முன்னறையிலிருந்து அம்ஜத், கிடைத்ததா நானா, படம் எடுத்து அனுப்பிவிடவா என்று கேட்டார். ஹபீல் கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தகரத்துக்குள் வைத்து மூடினார்.

"கடதாசி ஒண்டும் இல்லண்டு எழுதுங்க," என்றார்.